காப்பு நிலங்களும் கால்வழிகளும்

கோவளம் வட்டாரத்தை முன்னிட்டு ஒரு பாடம்

தன் வயலைச் சுற்றி வாராத குடியானவன் பயிரைக் காக்க மாட்டான். வரப்பில் நண்டு வளை விழுந்திருப்பதையும், மடையில் ஜலம் கசிவதையும், அண்டை வயலிலிருந்து பூச்சி பரவுவதையும் அவன் நடந்தே அறிகிறான். ஆனால் பட்டா நிலத்தின் வரப்போடு அவனுடைய பார்வை நின்றுவிடுகிறது. அதற்கப்பால் ஊருக்குப் பொதுவாயுள்ள ஏரிக்கரை, மேய்க்கால், கடலோர மணல் மேடு, கழிமுகக் கரை முதலியவற்றைச் சுற்றி வருவோர் எவருமில்லை. இவற்றுக்குத் தீர்வை இல்லாமையால் இவற்றை யாரும் நினைப்பதுமில்லை.

இப்பொது நிலங்கள் அழிந்தால் பட்டா நிலமும் நாளடைவில் பயனற்றுப் போகும் என்பதையும், அவற்றைக் காப்பதற்கு ஊரார் நடக்கும் கால்வழியைப் போல் செலவு குறைந்த சாதனம் வேறில்லை என்பதையும் விளக்குவதே இப்பாடத்தின் நோக்கமாகும். இவ்விரண்டையும் கண்கூடாகக் காண்பதற்குக் கோவளம் தகுந்த ஸ்தலம்.

கோவளத்தின் நில அமைப்பு

செங்கல்பட்டு ஜில்லா, திருப்போரூர் தாலுகாவில், சென்னைக்குத் தெற்கே சுமார் 40 கிலோமீட்டர் தூரத்தில் கோவளம் இருக்கிறது. ஒரு காலத்தில் ஆர்க்காட்டு நவாபின் துறைமுகமாகவும், 1752 ஆம் ஆண்டில் கிளைவினால் பிடிக்கப்பட்ட கோட்டையாகவும் சரித்திரத்தில் பெயர் பெற்ற இவ்வூர், செம்படவர்களும் உப்பளத் தொழிலாளிகளும் குடியானவர்களும் கலந்து வாழ்ந்த சிற்றூராகவே நெடுங்காலம் இருந்தது. தமீம் அன்சாரி தர்காவுக்கும், கார்மேல் மாதா கோயிலுக்கும், கைலாசநாதர் கோயிலுக்கும் யாத்திரிகர் வருவதும் வெகு காலமாக உண்டு.

கடலிலிருந்து மேற்கு நோக்கி நடந்தால் நிலம் பல வரிசைகளாக அமைந்திருப்பதைக் காணலாம். முதலில் அலை படும் மணல். அடுத்து அடும்புக் கொடியும் இராவணன் மீசைப் புல்லும் படர்ந்த மணல் மேடு. அதன் பின்புறம் பனை, தாழை, சவுக்குத் தோப்பு. அதற்கும் மேற்கே முட்டுக்காட்டுக் கழியும் பக்கிங்ஹாம் கால்வாயும். கழிக்கு அக்கரையில் கேளம்பாக்கம், தையூர் முதலிய ஏரிப்பாசனக் கிராமங்கள். கழி, கடலைச் சேரும் முகத்துவாரம் கோவளத்துக்கு வடபுறம் உள்ளது. கோடையில் மணல் திட்டு அதனை அடைத்துக்கொள்வதும், ஐப்பசி, கார்த்திகை வெள்ளத்தில் அது திறந்துகொள்வதும் வழக்கம்.

இங்கு ஒரு முக்கிய விஷயம் கவனிக்கத்தக்கது. தாம்பரத்தைச் சார்ந்த சேலையூர், செம்பாக்கம் முதலிய ஏரிகளின் மிகுதி ஜலம் பள்ளிக்கரணைச் சதுப்பு நிலத்தில் தங்கி, ஒக்கியம் மடுவின் வழியாய்ப் பக்கிங்ஹாம் கால்வாயில் விழுந்து, தெற்கே ஓடி, முட்டுக்காட்டுக் கழி மூலமாகவே கடலைச் சேருகிறது. ஆகவே தாம்பரம் முதல் கோவளம் வரையில் ஒரே நீர்வழிதான். அதன் கடைமடை கோவளம். தலைமடையில் ஏரி தூர்ந்தாலும் நடுமடையில் சதுப்பு நிலம் சுருங்கினாலும் அதன் பலனைக் கடைமடை அனுபவிக்கிறது. அவ்வாறே கடைமடையில் முகத்துவாரம் குறுகினால் மேலேயுள்ள ஊர்களில் வெள்ளம் வடியாமல் நிற்கிறது. பள்ளிக்கரணைச் சதுப்பு நிலம் முற்காலப் பரப்பில் ஏறக்குறைய பத்தில் ஒரு பங்காய்க் குறைந்துவிட்டது. 2015 ஆம் ஆண்டு டிசம்பர் மாத வெள்ளத்தில் சென்னையின் தென்பகுதி பட்ட கஷ்டத்துக்கு இதுவும் ஒரு காரணமாகும்.

மணல் மேடும் கிணற்று ஜலமும்

கடற்கரை மணல் மேட்டில் நெல் விளைவதில்லை; ஆதலின் அது வீண் நிலம் என்று எண்ணுகிறவர் பலர். உண்மையில் அம்மேடு, பின்னாலுள்ள கிணறுகள் அனைத்துக்கும் நீர்ச்சேமிப்புக் களஞ்சியமாகும்.

களிமண் நிலத்தில் பெய்யும் மழையில் ஒரு பங்கு ஓடிப்போகிறது. மணல் மேட்டில் பெய்யும் மழையோ பெரும்பாலும் அப்படியே உள்ளிறங்குகிறது. உள்ளிறங்கிய நல்ல ஜலம், அடியில் கடலிலிருந்து வந்து தேங்கியுள்ள உப்பு ஜலத்தைக் காட்டிலும் எடை குறைந்தது. ஆகையால் எண்ணெய் தண்ணீரின் மேல் நிற்பதுபோல், அது உப்பு ஜலத்தின் மேல் மிதந்து நிற்கிறது. ஹாலந்து தேசத்துக் காய்பன் என்பவரும், பின்னர் 1901 ஆம் ஆண்டில் ஜெர்மனி தேசத்து ஹெர்ஸ்பெர்க் என்பவரும் இதைப் பற்றி ஒரு கணக்கு வகுத்திருக்கிறார்கள். கடல் மட்டத்துக்கு மேல் நல்ல ஜலம் 1 அடி உயரம் நின்றால், கடல் மட்டத்துக்குக் கீழே ஏறக்குறைய 40 அடி ஆழம் வரையில் நல்ல ஜலம் இருக்கும் என்பதே அக்கணக்கு.

இதனைத் திருப்பிப் பார்த்தால் அபாயம் விளங்கும். அளவுக்கு மிஞ்சி இறைத்தோ, மழை இறங்கும் பரப்பைக் குறைத்தோ, மேல்மட்டத்தில் 1 அடி நிரந்தரமாகத் தாழ்ந்தால், கீழிருந்து உப்பு ஜலம் காலக்கிரமத்தில் 40 அடி ஏறிவரும். மேட்டை வெட்டிச் சமன் செய்து, கட்டடமும் சிமெண்டுத் தளமும் போட்டால், மண்ணில் இறங்க வேண்டிய மழை வடிகால் வழியே கடலுக்குப் போய்விடுகிறது. அதே இடத்தில் ஆழ்குழாய்க் கிணறும் போட்டால் வரவு நின்று செலவு மட்டும் நடக்கும் குடும்பத்தின் கதிதான். 1998 ஆம் ஆண்டில் கிழக்குக் கடற்கரைச் சாலை திறக்கப்பட்ட பின்னர், திருவான்மியூருக்கும் கோவளத்துக்கும் இடையே மணல் மேடுகள் வீட்டு மனைகளாகிய வேகம் யாவரும் அறிந்தது.

கிணறு உப்பாவதற்கு முன்னரே அதனை அறிய ஒரு வழி உண்டு. ஆண்டுக்கு இரு முறை, அதாவது மழைக்குப் பின் தை மாதத்திலும், கோடையில் வைகாசி மாதத்திலும், கிணற்று ஜலத்தைப் புட்டியில் எடுத்து மண் பரிசோதனை நிலையத்தில் கொடுத்து, அதன் மின்கடத்தும் திறனை எழுதி வாங்கி வைத்துக்கொள்ள வேண்டும். மீட்டருக்கு 0.75 டெசிசைமன் வரையில் கவலையில்லை. 2.25க்கு மேற்பட்டால் சாதாரணப் பாசனத்துக்கு உதவாது. இரண்டுக்கும் நடுவே நிற்கும் ஜலம் ஆண்டுதோறும் ஏறிக்கொண்டே வருமாயின், கடல் நெருங்குகிறது என்று பொருள்.

மீஞ்சூர் தரும் எச்சரிக்கை

இது வெறும் அச்சுறுத்தல் அன்று என்பதற்குச் சென்னைக்கு வடக்கேயுள்ள மீஞ்சூர் வட்டாரமே சாட்சி. ஆரணியாறும் கொற்றலையாறும் வளப்படுத்திய அப்பிரதேசத்தில், நகரத்தின் தேவைக்காகவும் தொழிற்சாலைகளுக்காகவும் பாசனத்துக்காகவும் நிலத்தடி ஜலம் பெரிய அளவில் இறைக்கப்பட்டது. விவசாயக் கிணறுகளின் ஜலமும் விலைக்குப் போயிற்று. 1969 ஆம் ஆண்டில் கடற்கரையிலிருந்து சுமார் 3 கிலோமீட்டர் தூரம் வந்திருந்த உப்பு ஜலம், 1987 ஆம் ஆண்டில் சுமார் 9 கிலோமீட்டர் தூரம் உள்ளே வந்துவிட்டது. உப்பேறிய கிணற்றை நல்ல கிணறாக்கப் பல ஆண்டு மழையும் பொறுமையும் வேண்டும். அதற்குள் அந்நிலத்தை நம்பிய குடும்பம் வேறு பிழைப்புத் தேட நேரிடும்.

கோவளத்துக்குத் தெற்கேயுள்ள நெம்மேலியில் கடல் ஜலத்தைக் குடிநீராக்கும் நிலையம் 2013 ஆம் ஆண்டில் நாளொன்றுக்கு 10 கோடி லிட்டர் அளவிலும், 2024 ஆம் ஆண்டில் மேலும் 15 கோடி லிட்டர் அளவிலும் திறக்கப்பட்டது. மின்சாரத்தைச் செலவழித்து இயந்திரம் செய்யும் வேலையை, மணல் மேடு ஒரு காசும் கேளாமல் செய்து வருகிறது என்பதைக் குடியானவர்கள் நினைவில் கொள்ள வேண்டும்.

மேடும் மரமும் கழியும் செய்யும் பிற உதவிகள்

மணல் மேட்டின் கொடிகளும் புற்களும் காற்றில் பறக்கும் மணலைப் பிடித்து நிறுத்துகின்றன. அவை அழிந்தால் மணல் உள்ளே புகுந்து தோட்டக்காலை மூடும். 2004 ஆம் ஆண்டு டிசம்பர் 26 ஆம் தேதி வந்த ஆழிப்பேரலையின் பின், கடலூர் ஜில்லாக் கடற்கரையைப் பரிசோதித்த விஞ்ஞானிகள், அலையாத்தி மரங்களுக்கும் சவுக்குத் தோப்புகளுக்கும் பின்னாலிருந்த ஊர்கள், மரமில்லாத ஊர்களைவிடக் குறைந்த சேதம் அடைந்தன என்று 2005 ஆம் ஆண்டில் வெளியிட்டனர். எப்பேர்ப்பட்ட அலையையும் மரம் தடுத்துவிடும் என்று இதற்குப் பொருளில்லை. புயற்காற்றின் வேகத்தையும் உப்புச் சாரலையும் அது தணிக்கும் என்பது நிச்சயம்.

ஆயினும் சவுக்கை அலையோரம் வரை நெருக்கி நடுதல் தவறு. பங்குனி ஆமை என்று செம்படவர் கூறும் கடலாமை, தை முதல் பங்குனி வரையில் இக்கரையில் ஏறி, மணலைத் தோண்டிச் சுமார் நூறு முட்டைகள் இடுகிறது. அதற்குத் திறந்த மணல் வேண்டும். ஆகவே முன்வரிசையை அடும்புக்கும் புல்லுக்கும் விட்டு, சவுக்கையும் புன்னையையும் பின்வரிசையில் நடுவதே முறை.

முட்டுக்காட்டுக் கழியோ மீன் குஞ்சுகளின் நாற்றங்கால். உவர்நீர் மீன் வளர்ப்பு ஆராய்ச்சி நிலையத்தின் பரிசோதனைப் பண்ணை இக்கழிக்கரையில் அமைந்திருப்பதும் இதன் பொருட்டே. கொடுவா, மடவை, இறால் முதலியன கழியில் வளர்ந்தால்தான் கடலில் வலை நிறையும். கேளம்பாக்கத்துப் பக்கம் பூநாரைகள் வந்து மேய்வதும் இக்கழி இன்னும் உயிரோடிருப்பதற்கு அடையாளம்.

புறம்போக்கு என்பது வீண் நிலமா?

புறம்போக்கு என்னும் சொல் இக்காலத்தில் வசைச்சொல்லாகிவிட்டது. கணக்குப் புத்தகத்தில் அதற்கு அத்தகைய பொருள் இல்லை. தீர்வைக் கணக்குக்குப் புறம்பாக, ஊரின் பொது உபயோகத்துக்கென்று ஒதுக்கப்பட்ட நிலம் என்பதே அதன் பொருள். ஏரி, வாய்க்கால், மேய்க்கால், மந்தைவெளி, வண்டிப்பாட்டை, தோப்பு, மயானம் ஆகிய ஒவ்வொன்றும் ஒரு காரியத்துக்காக ஒதுக்கப்பட்டது. முன்னோர் இவற்றை விளைநிலமாக்கத் தெரியாமல் விட்டவர்கள் அல்லர். விளைநிலம் நிலைக்க இவை வேண்டுமென்று அறிந்து விட்டவர்கள்.

இவற்றைக் காக்கச் சட்டங்களுக்குக் குறைவில்லை. 1905 ஆம் ஆண்டின் நில ஆக்கிரமிப்புச் சட்டம் இன்றும் வழக்கில் உள்ளது. ஏரிகளுக்கென 2007 ஆம் ஆண்டில் தனிச் சட்டம் இயற்றப்பட்டது. கடற்கரை ஒழுங்குமுறை அறிவிக்கை 1991 ஆம் ஆண்டில் முதலில் வெளியாகி, 2011, 2019 ஆம் ஆண்டுகளில் திருத்தி வெளியிடப்பட்டது. மணல் மேடுகள், அலையாத்திக் காடுகள், ஆமை முட்டையிடும் இடங்கள் ஆகியவை அதில் மிகுந்த பாதுகாப்புக்குரிய முதல் வகுப்பில் சேர்க்கப்பட்டிருக்கின்றன. கிராமப் பொது நிலங்களிலுள்ள ஆக்கிரமிப்புகளை அகற்றி அவற்றை ஊர் உபயோகத்துக்குத் திருப்ப வேண்டுமென்று 2011 ஆம் ஆண்டு ஜனவரி மாதத்தில் உச்ச நீதிமன்றமும் தீர்ப்பளித்தது.

இவ்வளவு இருந்தும் நிலம் ஏன் குறைகிறது? சட்டம் காகிதத்தில் இருக்கிறது. எல்லை தரையில் தெரிவதில்லை. முதலாண்டில் நாலு முள் வேலிக்கால். அடுத்த ஆண்டில் ஒரு கொட்டகை. மூன்றாம் ஆண்டில் மின்சார இணைப்பு. இதை முதல் நாளிலேயே கண்டு சொல்ல அவ்விடத்தில் நடமாட்டம் இல்லை. பள்ளிக்கரணையில் 317 ஹெக்டேர் 2007 ஆம் ஆண்டில் காப்புக்காடாக அறிவிக்கப்பட்டது. 2022 ஆம் ஆண்டில் ஏறக்குறைய 1,248 ஹெக்டேர் சர்வதேச முக்கியத்துவமுள்ள ராம்சார் நிலமாகவும் ஏற்கப்பட்டது. எனினும் அதன் எல்லையையொட்டி எழும் கட்டடங்களைப் பற்றிய வழக்கு 2025 ஆம் ஆண்டில் உயர் நீதிமன்றம் வரையில் சென்றது. எல்லையைத் தரையில் காட்டாத காப்பு பாதிக் காப்புதான்.

கால்வழி செய்யும் காவல்

கால்வழி என்பது எல்லையைத் தரையில் எழுதும் எழுத்து. தினமும் ஐம்பது பேர் நடக்கும் ஒற்றையடிப் பாதையில் ஒருவன் வேலி போட்டால் அன்று மாலைக்குள் ஊர் அறியும். எவரும் நடவாத புறம்போக்கில் வேலி போட்டால் ஐந்து ஆண்டு கழிந்தும் தெரியாது. நிலத்தைப் பூட்டி வைப்பது காப்பு என்று சிலர் கருதுகிறார்கள். அளவோடு நடக்க விடுவதே உண்மையான காப்பு என்பது அனுபவத்தில் தெரிகிறது.

இந்த வட்டாரத்திலேயே இதற்கு ஒரு முன்னுதாரணம் உண்டு. பக்கிங்ஹாம் கால்வாயின் வேலை 1806 ஆம் ஆண்டில் சென்னைக்கு வடக்கே தொடங்கியது. 1876 முதல் 1878 வரை நிகழ்ந்த பெரும் பஞ்சத்தில் நிவாரண வேலையாக நகரத்துள் இணைப்பு வெட்டப்பட்டு, அக்காலக் கவர்னரின் பெயரைப் பெற்றது. உப்பும் விறகும் நெல்லும் ஏற்றிய படகுகளை, கரையில் நடந்த ஆட்கள் கயிறு கட்டி இழுத்துச் சென்றனர். ஆகவே கால்வாய் இருந்தவிடமெல்லாம் கரைவழியும் இருந்தது. படகுப் போக்குவரத்து குன்றியபின் அக்கரைவழியும் மறைந்தது. வழி மறைந்த இடங்களில்தான் கரை இடிந்து, குப்பை கொட்டப்பட்டு, கால்வாய் குறுகியது.

வேடந்தாங்கல் மற்றோர் உதாரணம். சுமார் 30 ஹெக்டேர் பரப்புள்ள அவ்வேரியில் வந்து கூடுகட்டும் நாரை, நீர்க்காகம், கரண்டிவாயன் முதலிய பறவைகளை அவ்வூரார் தலைமுறை தலைமுறையாய்க் காத்து வந்தார்கள். பறவைகளின் எச்சம் கலந்த ஏரி ஜலம் வயலுக்கு உரமாவதை அவர்கள் கண்டிருந்ததே அதற்குக் காரணம். 1798 ஆம் ஆண்டில் கலெக்டர் லயனல் பிளேஸ் அவர்களுடைய உரிமைக்குக் கௌல் பத்திரம் கொடுத்தார். இன்று அங்கு வருவோர் ஏரிக்கரையின் மேலுள்ள பாதையில் மட்டுமே நடந்து பறவைகளைக் காண்கிறார்கள். ஏரிக்குள் இறங்குவதில்லை. கரை நடப்பவனுக்கு, நீர் பறவைக்கு, மதகு பாசனத்துக்கு என்று பங்கு பிரிக்கப்பட்டிருப்பதால் மூன்றும் சண்டையின்றி நடக்கின்றன.

பிற தேசங்களின் அனுபவம்

ஹாலந்து தேசத்து ஆம்ஸ்டர்டாம் நகரம் 1853 ஆம் ஆண்டு முதல் கடற்கரை மணல் மேடுகளிலிருந்து குடிநீர் எடுத்து வருகிறது. அளவுக்கு மிஞ்சி எடுத்ததனால் கீழிருந்து உப்பு ஏறத் தொடங்கவே, 1957 ஆம் ஆண்டு முதல் ரைன் நதியின் ஜலத்தைச் சுத்தம் செய்து மேடுகளுக்குள் விட்டு, மணலில் வடிந்தபின் எடுக்கிறார்கள். ஏறக்குறைய 3,400 ஹெக்டேர் பரப்புள்ள அம்மேடுகளில் கட்டடத்துக்கு இடமில்லை. நடப்பவருக்கு மட்டும் தாராளமாய் இடமுண்டு. தாம் குடிக்கும் ஜலம் தம் காலடியில் இருக்கிறது என்பதை அந்நகரத்தார் நடந்து அறிந்திருக்கிறார்கள்.

இங்கிலாந்தில் 1949 ஆம் ஆண்டுச் சட்டத்தின்படி, கிராமங்களிலுள்ள பொதுக் கால்வழிகள் அனைத்தையும் அளந்து, ஸ்தல அதிகாரிகள் ஒரு நிலையான வரைபடத்தில் பதிய வேண்டுமென்று ஏற்பட்டது. தனியார் வயலின் ஊடே சென்றாலும், அப்படத்தில் ஏறிய வழியை நிலத்தின் சொந்தக்காரர் தம் இஷ்டப்படி அடைக்க முடியாது. நிலம் அவருடையது, நடக்கும் உரிமை பொதுவினுடையது. கிராமக் கணக்கில் வழி ஏற வேண்டியதன் அவசியத்தை இது காட்டுகிறது.

கால்வழி அமைக்கும் முறை

வழி அமைப்பதிலும் சாகுபடியைப் போலவே இடமறிந்து செய்ய வேண்டும். தவறான இடத்தில் போட்ட வழி காப்பதற்குப் பதிலாகக் கெடுக்கும்.

1. மணல் மேட்டில்: கடலை நோக்கி நேராக வெட்டிய வழி கூடாது. கடற்காற்று அவ்விடைவெளியில் புகுந்து மணலை வாரி, மேட்டையே பிளந்துவிடும். வழி சாய்வாக வளைந்து ஏறி இறங்க வேண்டும். நீண்ட வழியை மேட்டின் பின்புறத்திலேயே கொண்டுபோய், கடலுக்கு இறங்கும் இடங்களைச் சிலவாகக் குறைக்க வேண்டும். அகலம் 3 அடி போதும். மோட்டார் வண்டிகள் ஏறாதபடி இரு முனையிலும் கற்களை நட வேண்டும்.

2. பிளந்த மேட்டைச் சீர்செய்ய: பனையோலை அல்லது தென்னங்கீற்றினால் இடுப்பளவு தட்டி, காற்றுக்குக் குறுக்கே கட்டினால் மணல் தானே சேரும். மழை தொடங்கியதும் ஒன்றரை அடி நீளமுள்ள அடும்புக் கொடித் துண்டுகளை, இரண்டு மூன்று கணுக்கள் மணலுக்குள் போகும்படி நட்டால் அவை வேர்பிடித்துப் படரும்.

3. ஏரிக்கரையில்: கரையின் தலைப்பில் நடக்கலாம், சரிவில் குறுக்குவழி விழக் கூடாது. சரிவு தேய்ந்த இடத்தில் மழை அரித்துக் கரை உடையும். இறங்க வேண்டிய இடங்களில் கற்படி வைத்து, மற்ற இடங்களில் வெட்டிவேர் நடுக. மதகுக்கும் கலங்கலுக்கும் அருகே மண்வெட்டியோடு ஆள் போக இடம் விட வேண்டும்.

4. கழிக்கரையில்: சேற்றை நிரப்பிச் சாலை போடுதல் கூடாது, அது ஜலத்தின் போக்கை அடைக்கும். பழைய கால்வாய்க் கரை உள்ள இடத்தில் அதன் மேலேயே வழி செல்லலாம். இல்லாத இடத்தில் மரக்கால்களின் மேல் பலகை வழி அமைத்து, கீழே ஓதம் ஏறி இறங்க விட வேண்டும். அலையாத்தி மரத்தடியில் மிதித்தால் மூச்சு வேர்கள் ஒடியுமாதலால் வழி அதை விட்டு விலக வேண்டும்.

5. செம்படவர்களின் படகுத் துறை, வலை உலர்த்துமிடம் இவற்றுக்குக் குறுக்கே வழி போகலாகாது. அவர்கள் கரைக்கு வரும் வழியே எல்லாவற்றிலும் பழைய கால்வழி. அதனை முதலில் குறித்துவிட்டு, பிற வழிகளை அதற்கு இசைய அமைக்க வேண்டும்.

6. தை முதல் சித்திரை வரையில் கடலோர வழியில் இரவு விளக்கு எரியலாகாது. முட்டையிலிருந்து வெளிவரும் ஆமைக்குஞ்சு வெளிச்சத்தைக் கடலென்று எண்ணி எதிர்த்திசையில் போய் மடியும். 1988 ஆம் ஆண்டு முதல் சென்னை மாணவர்கள் இரவில் கடற்கரையில் நடந்து ஆமை முட்டைகளைக் காத்து வருகிறார்கள். நடையே காவலாவதற்கு இதுவும் சான்று.

7. சிமெண்டும் தாரும் வேண்டாம். மண்ணும் மணலும் உள்ளவாறே இருந்தால்தான் மழை இறங்கும்.

கோவளம் கடற்கரைக்கு 2021 ஆம் ஆண்டில் நீலக்கொடி என்னும் சர்வதேசச் சான்று கிடைத்தது. அது கடலோரத்தின் ஒரு பகுதியின் சுத்தத்தையும் வசதியையும் காட்டுவது. பாராட்டத்தக்கதே, ஆயினும் வெளியூரார் வந்து பார்த்துப் போகும் கடற்கரையோடு காப்பு நின்றுவிடலாகாது. கடற்கரை, மணல் மேடு, கழிக்கரை, ஏரிக்கரை ஆகிய நான்கையும் ஒரே கால்வழியால் இணைக்கும்போதுதான் ஊருக்குப் பூரண பலன் ஏற்படும்.

சில ஆட்சேபங்களும் சமாதானமும்

வழி விட்டால் அந்நியர் வருவர், தேங்காயும் காய்கறியும் களவு போகும் என்பது முதல் ஆட்சேபம். களவு நடப்பது ஆளில்லாத இடத்தில்தான். அன்றியும் இங்கே கூறப்படும் வழி பெரும்பாலும் புறம்போக்கிலேயே செல்வது; பட்டா நிலத்தின் ஓரத்தைத் தொடுமிடத்தில் முள்ளுக்கிளுவை வேலி வைத்துக்கொள்ளத் தடையில்லை.

வழிக்கென்று பட்டா நிலம் பறிபோகும் என்பது இரண்டாவது. முறையாக அளந்து, எல்லைக்கல் நட்டால் புறம்போக்கின் எல்லை தெரிவதோடு பட்டாவின் எல்லையும் உறுதிப்படும். வழக்குக்குச் செலவாகும் பணத்தில் ஒரு சிறு பகுதி அளவைக்குப் போதும்.

மனைக்கு நல்ல விலை வரும்போது மணல் மேட்டையும் மேய்க்காலையும் காப்பதால் குடியானவனுக்கு லாபம் என்ன என்பது மூன்றாவது. இதுவே கனமான கேள்வி. இதனை மழுப்புவதில் பயனில்லை. விற்கிறவனுக்கு ஒரு முறை பணம் வரும். விற்காமல் சாகுபடி செய்கிற அண்டை வீட்டுக்காரனுக்கோ ஆண்டுதோறும் கிணறு உப்பாகும். ஒருவனுடைய மனை விலையைப் பலருடைய கிணற்று ஜலத்திலிருந்து எடுத்துக் கொடுக்கிறோம் என்பதை ஊர் அறிந்து தீர்மானிக்க வேண்டும். தன் பட்டாவை விற்பது அவனவன் உரிமை. பொது நிலத்தைக் குலைப்பது எவருடைய உரிமையும் அன்று.

கிராம உத்தியோகஸ்தர்கள் செய்ய வேண்டியவை

கர்ணம், முன்சீப் பதவிகள் 1980 ஆம் ஆண்டில் நீங்கியபின், கிராம நிலக்கணக்கு கிராம நிர்வாக அலுவலரின் கையில் உள்ளது. புறம்போக்கைக் காப்பது அவருடைய முதற் கடமைகளில் ஒன்று. அவரும் ஊராட்சித் தலைவரும் சேர்ந்து கீழ்க்கண்டவற்றைச் செய்தல் நலம்.

முதலாவது, 'அ' பதிவேட்டையும் கிராம வரைபடத்தையும் கையில் எடுத்துக்கொண்டு, ஊர்ப் பெரியோர், செம்படவர், ஆடுமாடு மேய்ப்போர் ஆகியோருடன் எல்லாப் புறம்போக்குகளையும் ஒரு முறை நடந்து பார்த்தல். வயதானவர்களுக்குத் தெரிந்த பழைய வழிகளைச் சர்வே நம்பரோடு குறித்துக்கொள்ள வேண்டும்.

இரண்டாவது, காணாமற்போன எல்லைக்கற்களுக்குத் தாலுகா அளவையாளரிடம் மனு கொடுத்து மீண்டும் நட்டல்.

மூன்றாவது, புதிய ஆக்கிரமிப்பைக் கண்டவுடன், வேலிக்காலாய் இருக்கும்போதே பி மெமோ கொடுத்து அடங்கலில் பதிதல். சுவர் எழுந்தபின் எழுதுவது பயிர் காய்ந்தபின் மடை திறப்பதற்கு ஒப்பாகும்.

நான்காவது, ஆண்டில் ஆறு முறை கூடும் கிராம சபையில், அதாவது ஜனவரி 26, மார்ச் 22, மே 1, ஆகஸ்டு 15, அக்டோபர் 2, நவம்பர் 1 ஆகிய நாட்களில் ஏதேனும் ஒன்றில், இன்னின்ன சர்வே நம்பர்கள் காப்பு நிலம், இன்னது பொதுக் கால்வழி என்று தீர்மானம் நிறைவேற்றி, அதன் படத்தை ஊராட்சி அலுவலகச் சுவரில் எழுதி வைத்தல். மார்ச் 22 உலகத் தண்ணீர் நாளாதலால் இதற்கு மிகவும் பொருத்தமானது.

ஐந்தாவது, கோயிற்காடு, பழைய குளம் போன்ற சிறப்புள்ள இடமிருந்தால், 2002 ஆம் ஆண்டின் பல்லுயிர்ச் சட்டப்படி பாரம்பரிய ஸ்தலமாக அறிவிக்கக் கோருதல். மதுரை ஜில்லா அரிட்டாபட்டி 2022 ஆம் ஆண்டிலும், திண்டுக்கல் ஜில்லா காசம்பட்டிக் கோயிற்காடு 2025 ஆம் ஆண்டிலும் இவ்வாறு அறிவிக்கப்பட்டன. காசம்பட்டியின் பரப்பு 5 ஹெக்டேருக்கும் குறைவு. சிறிய இடமென்று தயங்க வேண்டுவதில்லை.

ஆறாவது, பள்ளிப் பிள்ளைகளை ஆண்டுக்கு ஒரு முறையேனும் அவ்வழியே அழைத்துப் போய், ஏரி எது, கலங்கல் எது, ஊரின் எல்லைக்கல் எது என்று காட்டுதல். இருபது ஆண்டு கழித்து எல்லை இன்னதென்று சாட்சி சொல்லப்போகிறவர்கள் அவர்களே.

சுருக்கம்

மணல் மேடு மழையை வாங்கிக் கடலைத் தள்ளி நிறுத்துகிறது. கழியும் கால்வாயும் வெள்ளத்தை வடிக்கின்றன. ஏரியும் மேய்க்காலும் வயலையும் மாட்டையும் காக்கின்றன. இவை குறையக் குறையப் பட்டா நிலத்தின் பெறுமானமும் குறையும். இவற்றைக் காக்கப் பெரிய மூலதனம் வேண்டுவதில்லை. அளந்த எல்லை, கணக்கில் ஏறிய வழி, அதில் நாள்தோறும் நடக்கும் ஊரார் ஆகிய மூன்றும் போதும். மழைக்காலம் முடிந்து தரை இறுகும் தை மாதமே எல்லை பார்க்கவும் வழி குறிக்கவும் ஏற்ற காலம். அம்மாதத்தில் கிணற்று ஜலத்தைப் பரிசோதனைக்கு எடுக்கும் நாளிலேயே இவ்வேலையையும் தொடங்கினால் இரண்டும் ஒருங்கே முடியும்.